சாதிக்கின் இரண்டாவது பித்தப்பை

சாதிக்குக்குப் பித்தப்பை கிடையாது என்ற விவரம் மஹ்பூபாவுக்குக் கல்யாணமாகிப் பல காலம் கழித்து, ஒரு மருத்துவரின் மேசைமேல் இருந்த திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது. சாதிக்குக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆகவே, மறைத்துவிட்டார் என்று அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

சாதிக் பினாங்குத் தீவில், பிட் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். சாயம் போகும் துணியைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்கிற ஆள். அதனால் முதலாளிக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, வருத்தமும் உண்டு. மஹ்பூபா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஜார்ஜ்டவுனின் காலை நெரிசலில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டி வளர்ந்த குரல் அவளுடையது. வீட்டில் அவள் பேசுவாள், அவர் கேட்பார். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கறிக்குழம்புகள் ஊற்றிய நாசி கண்டார் சோறு சாப்பிட்ட பிறகு வலி ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல வந்து, முதுகைச் சுற்றித் தோள்பட்டைக்கு ஏறியது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தார். இரண்டாம் முறை வந்தபோது கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே தரையில் படுத்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் அவரைத் தாண்டிப் போய்ப் பட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்ததாக மஹ்பூபாவிடம் பிறகு சொன்னார்கள்.

குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். அதனால் காப்புறுதி ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே அறுவை மருத்துவர் துளசி சாதிக்கைப் படுக்க வைத்து, விலாவுக்கடியில் விரல்களை வைத்தாள்.

"மூச்ச நல்லா இழுங்க பாய்."

இழுத்தார். பாதியில் மூச்சு நின்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போதும், போதும். பித்தப்பையில கல்லு. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுப் பையையே எடுத்துடலாம். சின்ன ஆப்பரேஷன்தான், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே துளசி கணினியில் தட்டினாள். திரை சிவப்பானது. மறுபடி தட்டினாள். மறுபடி சிவந்தது.

"பாய், நீங்க எப்பவாச்சும் சபாவுல இருந்திருக்கீங்களா?"

சபா கடலுக்கு அப்பால் இருக்கும் மாநிலம். சாதிக் கடல் தாண்டியது என்றால் ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குப் போனதுதான்.

"உங்க ரெக்கோட்கு என்னா சொல்லுதுன்னா, சபாவுல உங்க பித்தப்பைய முன்னாடியே எடுத்துட்டாங்களாம்."

ரெக்கோட்கு என்பது காப்புறுதியில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் காப்புறுதி வாரியம் உண்டாக்கிக் கொடுத்த மின்பதிவேடு. மலாயில் 'என் பதிவேடு' என்று பொருள். கைப்பேசியில் இருக்கும். எல்லா மருத்துவமனைகளின் கணினியிலும் இருக்கும். யாரோ ஒரு சாதிக்கின் வயிறு எப்படியோ இந்தச் சாதிக்கின் பதிவேட்டுக்குள் வந்து விழுந்திருந்தது.

துளசி அவருடைய சட்டையைத் தூக்கி வயிற்றை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தாள். தழும்பு எதுவும் இல்லை. அதைப் பதிவு செய்யலாம் என்றால் கணினியில் தழும்பு இருப்பதைக் குறிக்க இடம் இருந்தது, இல்லாததைக் குறிக்க இடமில்லை.

"அதுக்கென்னா டாக்டர், நீங்க ஸ்கேன் எடுத்துடுங்க. தெரிஞ்சிடும்ல?" என்றாள் மஹ்பூபா.

"அந்த மெஷினே ரெக்கோட்கு ஓகே சொன்னாத்தான் வேலை செய்யும்கா. இல்லாத உறுப்பை ஸ்கேன் எடுக்க அது விடாது. நான் இப்ப ரெண்டு தடவ கேட்டுட்டேன். மூணாவது தடவ கேட்டா என் பேரை மோசடிப் பிரிவுக்கு அனுப்பிடும்." துளசி மூன்றாவது தடவையும் தட்டினாள். அவள் சொன்னது உண்மைதான் என்று உடனே ஒரு செய்தி வந்தது. "நீங்க ஆபீஸுக்குப் போய்த் திருத்திட்டு வந்துடுங்க. சீக்கிரம் போங்க, இது காத்திருக்கற வியாதி இல்ல."

மறுநாள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு மஹ்பூபா பீச் ஸ்ட்ரீட்டுக்குப் போனாள். பழைய வங்கிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் வாரியத்தின் 'உரிமையாளர் சேவை மையம்' இருந்தது. நோயாளி என்ற சொல்லை வாரியம் ஒழித்துவிட்டது. அது நோயை நினைவுபடுத்துகிறதாம். பதிவேடு அவரவர் சொத்து என்பதால் எல்லாரும் உரிமையாளர்கள். வாயில் மாஸ்க்கோடு இருமியபடி ஒரு கூட்டம் உரிமையாளர்கள் நாற்காலிகளில் காத்திருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ரூபினி என்று எழுதியிருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, முதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கிங்க. இந்தப் பதிவேடு முழுக்க முழுக்க உங்க வீட்டுக்காரரோடது. அவர்தான் ஓனர்."

"அப்ப அவரு திருத்தலாம்ல?"

"ஓனர் பாக்கலாம். திருத்தறது யாரு எழுதினாங்களோ அவங்க."

"யாரு எழுதினா?"

ரூபினி பார்த்தாள். சபாவில் ஒரு மருத்துவர். அவர் இறந்துபோயிருந்தார்.

ரூபினி திரையில் ஒரு கட்டத்தை அழுத்தினாள்.

"அவருக்குத் திருத்தக் கோரிக்கை அனுப்பியிருக்கேன்கா. பதில் வரணும்."

"செத்தவரு எப்படிமா பதில் போடுவாரு?"

"பதில் வரலைன்னா, எழுதினது சரின்னு அவரு ஒத்துக்கிட்டதா சிஸ்டம் எடுத்துக்கும்." சொல்லும்போது ரூபினியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் செஞ்ச சிஸ்டம் இல்லக்கா."

ரெக்கோட்கு செயலியில் உரிமையாளர் தாமாக எழுதக்கூடிய இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் 'என் உணர்வுகள்'. சிரிக்கும் முகம், அழும் முகம் வரிசையின் கீழே ஒரு கட்டம். வேறு வழி தெரியாமல் ரூபினி அதைக் காட்டினாள். மஹ்பூபா அங்கேயே உட்கார்ந்து, 'என் பித்தப்பை என் வயிற்றில்தான் இருக்கிறது' என்று சாதிக்கின் சார்பில் எழுதி அனுப்பினாள். 'உங்கள் உணர்வை மதிக்கிறோம்' என்று உடனே பதில் வந்தது. ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டதாக அவளுக்கு நம்பிக்கை வந்தது.

நகரத்தான் செய்தது. இரண்டு நாளில் சாதிக்குக்கு மனநல ஆலோசனைக்கு அழைப்பு வந்தது. காணொளியில் தோன்றிய இளைஞர் மிகவும் இனிமையானவர். பின்னால் மூங்கில் செடி வைத்திருந்தார்.

"அண்ணே, ஒரு உறுப்பை இழக்கறது சாதாரண விஷயம் இல்ல. கால எடுத்தவங்களுக்கு அந்தக் கால் இன்னும் இருக்கற மாதிரியே இருக்கும். வலிக்கும். உங்களுக்கும் அதான்."

"தம்பி, எனக்கு நிஜமாவே…" என்று ஆரம்பித்த சாதிக் வார்த்தையை முடிக்காமல் நாற்காலியில் இருந்து முன்பக்கம் சரிந்தார். முகம் மேசையில் பட்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அழுங்கண்ணே. அழுகைய அடக்காதீங்க. பித்தப்பைக்கு ஒரு பேர் வச்சு, அதுகிட்ட போயிட்டு வான்னு சொல்லிப் பாருங்க."

மஹ்பூபா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரை வேனில் ஏற்றிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டார்கள். இயந்திரத்தில் தேய்த்தார்கள். 'பித்தப்பை அகற்றப்பட்டவர், இல்லாத உறுப்பில் வலி இருப்பதாக நம்புபவர், ஆலோசனை நடைபெறுகிறது' என்று திரை சொல்லியது. பணியில் இருந்த இளம் மருத்துவர் திரையைப் படித்தார், பிறகு சாதிக்கைப் பார்த்தார், மறுபடி திரையைப் படித்தார். திரையில் எழுத்து தெளிவாக இருந்தது. வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மருத்துவர் துளசியைத் தேடினால், மூன்றாவது தடவை தட்டியதற்கு விளக்கம் சொல்ல அவளைக் கூப்பிட்டிருப்பதாகத் தாதி சொன்னாள்.

அதற்குப் பிறகு சாதிக் கஞ்சி மட்டும் குடித்தார். ராத்திரியில் தூங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மஹ்பூபா விழித்துப் பார்க்கும்போதெல்லாம், "ஒண்ணும் இல்ல, தூங்கு" என்பார். தனியார் மருத்துவமனைக்கு அவர்களால் முடியாது. அதை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. இரவெல்லாம் அவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள், விடிந்ததும் பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவில் இருந்த வாரியத் தலைமையகத்துக்கு வேனை ஓட்டினாள்.

இயக்குநரின் பெயர் டாக்டர் ஹாரிஸ். மருத்துவர் அல்லர், நிர்வாகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவளை நிற்க வைக்கவில்லை. உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், நிமிடத்துக்கொரு தரம் தலையசைத்துக் கேட்டார். இவ்வளவு நல்ல மனிதரிடம் முதலிலேயே வராமல் போனோமே என்று மஹ்பூபா நினைத்தாள். அவர் பேசத் தொடங்கும்வரை அப்படி நினைத்தாள்.

"சிஸ்டர், நான் உங்கள நம்புறேன். ஆனா நான் நம்பறது முக்கியம் இல்ல பாருங்க. ஒரு பதிவு தப்புன்னு இன்னிக்கு நான் ஒத்துக்கிட்டா நாளைக்கு என்னா ஆகும்? பக்கத்து வீட்டுக்காரர் அவரோட பதிவையும் திறந்து படிச்சுப் பாப்பாரு. ஒவ்வொருத்தரா படிக்க ஆரம்பிச்சிடுவாங்க. மக்கள் நம்பிக்கை எங்க போகும்? ஒருத்தரோட பித்தப்பைக்காக ஒரு நாட்டோட நம்பிக்கைய எடுத்து ஆப்பரேஷன் பண்ணச் சொல்றீங்களா?"

மஹ்பூபா கைப்பேசியை எடுத்து, சாதிக்கின் வயிற்றைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். "தழும்பே இல்ல பாருங்க டாக்டர்."

ஹாரிஸ் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லா! இவ்ளோ சுத்தமான ஆப்பரேஷனா! நம்ம காப்புறுதியில செஞ்ச வேலை எப்படி இருக்கு பாருங்க. இத எனக்கு அனுப்ப முடியுமா?"

அவள் கைப்பேசியை மார்போடு வைத்துக்கொண்டாள். "டாக்டர், அவரு செத்துடுவாரு."

ஹாரிஸுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. உதவ விரும்பினார். கணினியைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். பிறகு விரலைச் சொடுக்கினார்.

"இருக்கு! சிஸ்டத்துல இடம் இருக்கு. சில பேர் பிறக்கறப்பவே ரெண்டு பித்தப்பையோட பிறப்பாங்களாம். ரொம்ப அபூர்வம். முதல் பித்தப்பைய சபாவுல எடுத்துட்டாங்க, சரியா? அது அப்படியே இருக்கட்டும், அத நாம தொட வேணாம். இப்ப வலிக்கறது ரெண்டாவது பித்தப்பை! யாரும் தப்பு செய்யல. சபா டாக்டரும் சரி, உங்க வீட்டுக்காரரும் சரி, பதிவேடும் சரி. உங்க வீட்டுக்காரர் ஒரு உறுதிமொழி குடுத்தாப் போதும்."

வீட்டில் சாதிக் அதைக் கேட்டுவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இல்லாத ஒண்ண இருக்குன்னு நான் எப்படி மஹ்பூபா சொல்றது?"

"இருக்கறத இருக்குன்னு சொல்லத்தான் விட மாட்டேங்கறாங்களே! சொல்லிட்டுப் போங்களேன். எனக்காகச் சொல்லுங்க."

அவர் அவளுக்காகச் சொன்னார். திரையில் விரலை வைக்கும்போது எதைத் தொடங்கினாலும் சொல்கிற பிஸ்மியைச் சொல்லாமல் வைத்தார். அதை அவள் கவனித்தாள்.

உறுதிமொழி போன வேகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் இரண்டு பித்தப்பை என்பது அபூர்வ நிலை. அபூர்வ நிலைகளுக்கு மருத்துவமனை நேரடியாக ஸ்கேன் எடுக்க முடியாது. அபூர்வ நிலைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழுத் தலைவர் வெளியூரில் இருந்தார். பதிவேட்டின் ஆண்டு விழாவுக்கு அவர் பினாங்கு வரும்போது மேடையிலேயே கையெழுத்துப் போடுவார் என்று ஹாரிஸே கூப்பிட்டுச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர்தான் அன்னிக்கு நம்ம சிறப்பு விருந்தினர். பாத்திக் சட்டை போட்டுக் கூட்டிட்டு வாங்க."

விழா கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில், காலை நேரத்தில் நடந்தது. சாதிக்குக்கு முந்தைய நாளே காய்ச்சல் வந்திருந்தது. பாத்திக் சட்டையின் பொத்தானைப் போட மஹ்பூபாதான் உதவ வேண்டியிருந்தது. துணிக்கு மேலேயே உடம்பு கொதிப்பது தெரிந்தது. மருத்துவமனைக்குப் போனால் மறுபடி அட்டையைத் தேய்த்து, மறுபடி வாயு மாத்திரை கொடுப்பார்கள். இன்று அந்தக் கையெழுத்து கிடைத்துவிட்டால் போதும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள்.

வாசலில் ரூபினி நின்றிருந்தாள். அன்று அவளுக்கு விருந்தினர்களின் மார்பில் பெயர் அட்டை குத்தும் வேலை. சாதிக்கின் மார்பில் குத்தும்போது அவள் கை அவர்மேல் பட்டது. சட்டென்று நிமிர்ந்து மஹ்பூபாவைப் பார்த்தாள்.

"அக்கா, என்னக்கா இப்படிச் சுடுது?"

"கையெழுத்து வாங்கிட்டு நேரா ஓடிடுவோம்மா."

சாதிக்கை மேடையில் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். அவருக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் அவருடைய பித்தப்பைகள் இரண்டும் வண்ணத்தில் வரையப்பட்டிருந்தன. முதலாவது சாம்பல் நிறம். இரண்டாவது பச்சை. கடவுள் வாழ்த்து, நடனம், வரவேற்புரை, குழுத் தலைவருக்கு நினைவுப் பரிசு என்று ஒவ்வொன்றாக நடந்தது. குழுத் தலைவரின் முன்னால் ஒப்புதலுக்கான மின்பலகை கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. ஆனால் நிகழ்ச்சி நிரலில் கையெழுத்து கடைசியில் இருந்தது.

ஹாரிஸ் பேச எழுந்தார். முதலில் மலாயில் பேசிவிட்டு, தமிழ்ச் செய்தியாளர்கள் வந்திருந்ததால் தமிழிலும் பேசினார்.

"அன்பர்களே! ஒரு காலத்தில் நோயாளி வந்து வலிக்கிறது என்று சொன்னால், மருத்துவர் அதை நம்ப வேண்டிய நிலை இருந்தது. எவ்வளவு பின்தங்கியிருந்தோம்! இன்றைக்கு அந்த அவசியமே இல்லை. உரிமையாளர் மறப்பார். மாற்றி மாற்றிப் பேசுவார். ஒரு நாள் செத்தும் போவார். பதிவேடு மறக்காது, மாறாது, சாகாது. நாம் யாரைப் பராமரிக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்!"

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மஹ்பூபா தட்டவில்லை. அவள் சாதிக்கின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடியது. பிறகு இரண்டு முழங்காலும் ஆடின. பிறகு பற்கள் கிட்டித்து உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது.

"பாருங்கள், நமது உரிமையாளர் உணர்ச்சிவசப்படுகிறார்" என்றார் ஹாரிஸ். மறுபடி கைதட்டல்.

மஹ்பூபா எழுந்து மேடையில் ஏறினாள். படி எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. பூச்சட்டிகளுக்கு நடுவே காலை வைத்து நேராக ஏறினாள். சாதிக்கின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். கண் அவளைப் பார்த்தது; ஆனால் அவளை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.

"சிஸ்டர், அஞ்சே நிமிஷம்! கையெழுத்து இப்ப வந்துடும்!" ஹாரிஸ் ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு கெஞ்சினார். "இப்பப் போனீங்கன்னா ஒப்புதல் செல்லாது. மறுபடி முதல்லேருந்து வரணும்."

அவள் குழுத் தலைவரைப் பார்த்தாள். எழுதுகோல் அவர் கையில்தான் இருந்தது. அவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். இன்னும் ஒரு பாட்டு இருந்தது.

"தள்ளுங்க" என்றாள் மஹ்பூபா. லாரிக்காரர்களிடம் சொல்கிற அதே குரல். ஒலிவாங்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று. ஒரு தோளை அவள் தாங்கினாள். இன்னொரு தோளுக்கடியில் யாரோ தலையை நுழைத்துத் தாங்கினார்கள். ரூபினி.

வேனின் பின் இருக்கையில் அவரைக் கிடத்திவிட்டு மஹ்பூபா ஓட்டினாள். ரூபினி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெனாகா மரத்தடிச் சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்தது. மஹ்பூபா நிற்கவில்லை.

"அக்கா, அங்க போனா ஐசி கேப்பாங்க" என்றாள் ரூபினி.

"தெரியும்மா."

"குடுக்காதீங்க."

மஹ்பூபா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

"ஐசி தேய்ச்சா ரெக்கோட்கு வந்துடும். பேர் சொன்னாலும் தேடி எடுத்துடுவாங்க. பேர் தெரியாத ஆளுக்கு மட்டும்தான்கா ரெக்கோட்கு கிடையாது. அவங்கள டாக்டருங்க பாத்துத்தான் ஆகணும், வேற வழி கிடையாது. நீங்க சொந்தம்னு சொன்னாலும் பேர் கேப்பாங்க. அதனால…" அவள் முடிக்கவில்லை. குனிந்து சாதிக்கின் மார்பிலிருந்த பெயர் அட்டையைப் பிடுங்கினாள். சட்டைப்பையில் இருந்த பர்ஸை எடுத்து இருக்கைக்கு அடியில் தள்ளினாள்.

அவசரப் பிரிவின் வாசலில் தள்ளுவண்டி வந்தது. ஊழியர் மலாயில் கேட்டார், யார் இவர் என்று.

மஹ்பூபா ஒருமுறை சாதிக்கின் முகத்தைப் பார்த்தாள். கணவரைப் பற்றி அவள் அக்கம்பக்கத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். வாய் இல்லாத மனுஷன் என்றிருக்கிறாள், பிழைக்கத் தெரியாதவர் என்றிருக்கிறாள். இதைச் சொன்னதில்லை. தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கைமேல் அவருடைய கை வந்து விழுந்தது. தீயாகச் சுட்டது.

"தெரியாது" என்றாள். கையை விலக்கிக்கொண்டாள். "ரோட்டுல விழுந்து கிடந்தாரு. தூக்கிட்டு வந்தோம்."

வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு ஆடி நின்றது. அவள் பின்னால் போக முடியாது. யாரோ ஒருவர்தானே.

விளக்கம் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்த மருத்துவர் துளசி அறுவைப் பிரிவிலிருந்து வந்தாள். கண்ணாடிக் கதவு வழியே மஹ்பூபா எல்லாவற்றையும் பார்த்தாள். துளசி வண்டியருகே வந்து, முகத்தைப் பார்த்து, அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு பெண்களின் கண்களும் சந்தித்தன.

"பேரு?" என்று துளசி கேட்டாள்.

"தெரியல டாக்டர். ஐசி இல்ல. யாரும் இல்ல" என்றார் ஊழியர்.

"அப்படியா. பேர் தெரியாதவர்னு போடுங்க. ஸ்கேன கொண்டாங்க."

பெயர் தெரியாதவர் என்று தட்டியதும் இயந்திரம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் உயிர் பெற்றது. திரையில் பித்தப்பை தெரிந்தது. வீங்கி, சீழ் கட்டி, கற்களோடு இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சம்மதம் தரச் சொந்தம் யாரும் இல்லாததால் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட்டு அவரை அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மஹ்பூபாவும் ரூபினியும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரூபினியின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை அணைத்துவிட்டாள். பிறகு மஹ்பூபாவின் கைப்பேசி அடித்தது. ஹாரிஸ்.

"சிஸ்டர், எங்க இருக்கீங்க? எல்லாரும் கவலப்பட்டுட்டாங்க. நல்லவேளை, நான் உடனே சிஸ்டத்துல பாத்தேன். எந்த ஆஸ்பத்திரியிலயும் உங்க வீட்டுக்காரர் பேர்ல அட்மிஷன் இல்ல. அப்ப நல்லா இருக்காருன்னுதான அர்த்தம்? பத்திரிகைக்காரங்ககிட்டயும் அதத்தான் சொல்லிட்டேன். வீட்டுலதான இருக்காரு?"

மஹ்பூபா அறுவைக் கூடத்தின் கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

"சிஸ்டம் சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர்" என்றாள்.

விளக்கு அணைந்து துளசி வெளியே வந்தாள். தலையுறையைக் கழற்றியபடி, மஹ்பூபாவிடம் வராமல், அருகிலிருந்த காப்பி இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட நோயாளியப் பத்திப் பேச எனக்கு அனுமதி இல்ல" என்று அந்த இயந்திரத்திடம் சொன்னாள். "அதனால நான் சும்மா எனக்குள்ள பேசிக்கறேன். பைய எடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா உள்ளயே வெடிச்சிருக்கும். இப்ப மூச்சு நல்லா இருக்கு. பொழைச்சுக்குவாரு."

மஹ்பூபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருவருக்காக ஒருத்தி இவ்வளவு அழுவது சந்தேகத்தைக் கிளப்பும் என்று ரூபினி அவளைத் தன் பக்கம் இழுத்து மறைத்தாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனாள். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றாள் வயதான தாதி ஒருத்தி. பிறகு, இவள்தான் அந்த மனிதரைத் தெருவிலிருந்து தூக்கி வந்தவள் என்று தெரிந்ததும் மனம் இளகிவிட்டாள்.

"இந்தக் காலத்துல யாரும்மா இப்படிச் செய்வா? நேத்துக் கொண்டாந்து போட்டீங்க, இன்னிக்குப் பாக்கவும் வந்துட்டீங்க. சொந்தக்காரங்க ஒருத்தர் எட்டிப் பாக்கல. என்னா குடும்பமோ!"

"ஆமா மிஸ்ஸி, என்னா குடும்பமோ" என்றாள் மஹ்பூபா.

சாதிக் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. ஆனால் கண் தெளிந்திருந்தது. வலி இருந்த இடத்தில் இப்போது கட்டு இருந்தது. தாதி வருவதற்குள் மஹ்பூபா குனிந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. உங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் என்னைத் தெரியாது, வீட்டுக்குப் போகும்வரை அப்படித்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. பொய் சொல்ல வராத மனுஷன்.

தாதி பேனாவோடு வந்து நின்றாள்.

"ஐயா, பேரு ஏதாவது ஞாபகம் வருதா?"

சாதிக் வாயைத் திறந்தார். அவர் மூடினார். பிறகு தலையை இடமும் வலமும் அசைத்தார்.

"ஐயோ பாவம். சரி, இந்தம்மாவத் தெரியுதா பாருங்க. இவங்கதான் உங்க உயிரக் காப்பாத்தினது."

சாதிக் மஹ்பூபாவைப் பார்த்தார். அவளுடைய தூங்காத கண்களையும், முக்காட்டுக்கு வெளியே வந்திருந்த நரைமுடியையும், வேன் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளையும், இதற்கு முன் பார்த்தே இராதவர்போல, ஒவ்வொன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"தெரியல மிஸ்ஸி" என்றார். குரல் பலவீனமாக இருந்தது. "ஆனா, இவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

தாதி பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். மஹ்பூபா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.